பழைய கைப்பையும் பரக்கத்தான வியாபாரமும்

தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்களைக் கேட்டுத் தெரிந்து கொள்வதில் நம் மக்கள் காட்டும் ஆர்வத்தில் பாதியளவேனும் கொடுக்கல் வாங்கல் பற்றிய மஸ்அலாக்களில் காட்டுவதில்லை. ஒளுச் செய்யும்போது முழங்கையில் ஒரு நூலளவு இடம் நனையாமல் போயிருக்குமோ என்று கவலைப்படுகிறவர்கள் நம்மில் பலருண்டு. ஒரு பொருளை விற்கும்போது அதிலுள்ள ஐபை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்து விட்டோமே என்று கவலைப்படுகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால், தொழுதுவிட்டு வந்து நாம் உண்ணும் கவளமும் பிள்ளைகளுக்கு உடுத்தும் துணியும் அந்த விற்பனையின் கிரயத்திலிருந்துதான் வருகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இப்போது பழைய வட்டாரமாக இல்லை. சிப்காட் தொழிற்பேட்டைகளும், அவற்றைச் சுற்றி எழும்பிய குடியிருப்புகளும், பெண்கள் தங்கி வேலை செய்யும் விடுதிகளும் நிறைந்து விட்டன. 40 கிலோ மீட்டர் போனால் பெங்களூர். அங்குள்ள கடைத்தெருவின் நாகரிகம் காலையில் தோன்றினால் மாலையில் இங்கு வந்து விடுகிறது. கிழக்கே வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலுக்கும் தோல் சாமான்களுக்கும் பேர் பெற்ற ஊர்கள். அத்தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வருபவர்களில் நம்மவர்கள் ஏராளம். தோலின் தரம் பற்றி நம் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆகவே, முன்பு நகையும் பட்டும் மட்டுமே சீராக வந்த வீடுகளுக்கு, இப்போது விலையுயர்ந்த கம்பெனிக் கைப்பைகளும் அன்பளிப்பாக வருகின்றன. வளைகுடாவிலிருந்து வரும் மச்சான் ஒன்று கொண்டு வருகிறார். கம்பெனியில் பெரிய உத்தியோகத்திலுள்ள அம்மாள் தான் வைத்திருந்ததைத் தம்மிடம் வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்து விடுகிறார். பிறகு ஒரு நாள் பள்ளிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து நெருக்கும்போது, பீரோவில் சும்மா கிடக்கும் அந்தப் பையை விற்றால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. அப்போது பல கேள்விகள் முளைக்கின்றன. விற்கலாமா? பையிலுள்ள பெயர் உண்மையான கம்பெனியுடையதுதானா என்று தெரியாதபோது என்ன சொல்லி விற்பது? உண்மையைச் சொன்னால் 2,000 ரூபாய்தான் கிடைக்கும், வாய்மூடி இருந்தால் 20,000 கிடைக்கும் என்றால் என்ன செய்வது?

கேள்வி சிறியதுபோல் தோன்றும். அது ஹலாலையும் ஹராமையும் பிரிக்கும் கோட்டின் மீது நிற்பதால், சற்று விரிவாகவே பார்ப்போம்.

விற்பது கூடுமா?

பயன்படுத்திய பொருளை விற்பது தடையின்றிக் கூடும். புதியது, பழையது என்ற வேற்றுமையை ஷரீஅத் விற்பனைக்கு நிபந்தனையாக்கவில்லை. பெண்கள் தம் பொருளைத் தாமே விற்பதிலும் தடையில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் பெரும் வணிகப் பெண்மணியாக இருந்ததை நாம் அறிவோம்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1999-ம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின் 30-ம் பிரிவு, முறையாக வாங்கிய அசல் பொருளை மறுபடி விற்பது முத்திரை உரிமையை மீறுவதாகாது என்று கூறுகிறது. பொருளின் நிலை மாற்றப்பட்டோ கெடுக்கப்பட்டோ இருந்தால் முத்திரைக்குரியவர் ஆட்சேபிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆனால், முதலில் பார்க்க வேண்டியது அப்பொருள் யாருக்குச் சொந்தம் என்பதே. கலியாணத்தில் மனைவிக்கென்று கொடுக்கப்பட்ட பை மனைவியின் சொத்து. கணவன் தன் கடனை அடைப்பதற்காக அவளைக் கேளாமல் அதை எடுத்து விற்பது கூடாது. 'வீட்டில்தானே கிடந்தது' என்பது பதிலாகாது. அதுபோல, முதலாளி அம்மாள் இரவலாகக் கொடுத்தாரா, அன்பளிப்பாகக் கொடுத்தாரா என்பதில் சந்தேகமிருந்தால், ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்து கொண்ட பின்னரே விற்க வேண்டும். பைக்குள் அவர் மறந்துவிட்ட மோதிரமோ, பணமோ, காகிதமோ இருந்தால் அது அமானிதம். உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

தோலைப் பற்றி ஒரு சொல்

கைப்பை என்றால் பெரும்பாலும் தோல். எந்தத் தோல் என்பதைப் பார்க்க வேண்டும். ஆடு, மாடு, எருமை முதலியவற்றின் தோல் பதனிடப்பட்டால், அது அறுக்கப்படாமல் செத்ததாக இருந்தாலும் சுத்தமாகி விடும். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வீட்டாருக்கு தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துப் போனபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். செத்ததை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று அவர்கள் விளக்கிய செய்தி ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது.

பன்றித் தோல் அப்படியன்று. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் அது பதனிட்டாலும் சுத்தமாகாது. அதை விற்பதும் வாங்குவதும் செல்லாது. அதைத் தோளில் சுமந்து தொழுதால் தொழுகையும் கூடாது. வெளிநாட்டுப் பைகளிலும் காலணிகளிலும் உட்பக்க மென்தோலாகச் சில இடங்களில் பன்றித் தோலைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே தைத்திருக்கும் துண்டுச் சீட்டில் பெரும்பாலும் என்ன தோல் என்று எழுதியிருக்கும். தோல் தொழில் தெரிந்தவர்கள் மயிர்க் கால்களைப் பார்த்தும் சொல்வார்கள். பன்றித் தோலில் அவை மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். தக்க அடையாளம் எதுவுமில்லாமல் வெறும் ஊகத்தால் ஒவ்வொரு பையையும் சந்தேகிக்கத் தேவையில்லை. அடையாளம் தெரிந்த பின் அலட்சியம் செய்வதும் கூடாது.

பாம்புத் தோல், முதலைத் தோல் என்று சொல்லி விற்பவற்றில் வேறோர் ஆபத்துண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் தோலாலான பொருளை அனுமதியின்றி வியாபாரம் செய்வது குற்றமாகும். தன்னைத் தானே கேவலத்துக்கும் சிறைக்கும் ஆளாக்கிக் கொள்ளும் காரியத்தில் முஸ்லிம் இறங்கலாகாது.

ஐபைச் சொல்வது கடமை

இனி, இந்தப் பாடத்தின் நடு நரம்புக்கு வருவோம்.

மதீனாவின் கடைத்தெருவில் ஒருவர் தானியத்தைக் குவித்து விற்றுக் கொண்டிருந்தார். மேலே நல்ல காய்ந்த தானியம். பெருமானார் (ஸல்) அவர்கள் அக்குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. கேட்டபோது, மழையில் நனைந்து விட்டது என்றார் அவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள்.

அன்பர்களே! அந்த மனிதர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. தானியத்தை நனைத்ததும் அவரல்ல, வானம் நனைத்தது. அவர் செய்ததெல்லாம் ஈரத்தைக் கீழே வைத்து, காய்ந்ததை மேலே வைத்ததுதான். பையின் கிழிந்த மூலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் படம் எடுப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? உரிந்த விளிம்பில் சாயம் பூசி, கீறலின் மேல் மெருகு தேய்த்து, பூஞ்சணம் பிடித்த வாடையை அத்தர் தெளித்து மறைப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பால் அதிகம் தரும் ஆடென்று வாங்குபவர் எண்ணட்டும் என்பதற்காக, சில நாள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து விற்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பழைய பொருளைத் துடைத்துச் சுத்தமாக்கி விற்பது நல்ல காரியம். அதிலுள்ள ஐபை மூடி மறைக்க அலங்கரிப்பது மோசடி.

விற்பவர் மட்டுமல்ல, விஷயம் தெரிந்த மூன்றாமவருக்கும் இதில் கடமையுண்டு. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் இடத்தில் ஒருவர் ஓர் ஒட்டகத்தை வாங்கிக் கொண்டு புறப்பட்டார். வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே விரைந்து வந்து, அதிலுள்ள குறையை உமக்குச் சொன்னார்களா என்று விசாரித்து, அதன் குளம்பிலுள்ள பழுதைத் தெரியப்படுத்தினார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று விற்றவர் வருந்தினார். அதற்கு அவர்கள், பொருளின் குறையை விளக்காமல் விற்பது ஆகுமானதல்ல, அக்குறையை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா விற்கும் பையின் கைப்பிடி ஒட்டுப் போட்டது என்று தெரிந்தும், 'நமக்கேன் வம்பு' என்று இருந்து விடுகிறோமே, அந்தச் சகோதரிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி என்பது யாவரும் அறிந்தது. தம் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் அவர்களிடம் சரக்கை அனுப்பும்போது, அதில் ஒரு துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது சொல்லி விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மறந்து விட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்து விட்டார்கள் என்று அவர்களின் சரித்திரம் சொல்கிறது. நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் அந்த இமாமின் மத்ஹபைப் பின்பற்றித் தொழுகிறோம். அவர்களின் தராசையும் பின்பற்ற வேண்டாமா?

போலி முத்திரை

வெறும் கிழிசலைவிடப் பெரிய ஐபு ஒன்றுண்டு. பெயரே பொய்யாக இருப்பதுதான் அது. கடைத்தெருவில் 'டூப்ளிகேட்' என்றும், சற்றுக் கௌரவமாக 'பஸ்ட் காப்பி' என்றும் சொல்கிறார்கள். பெயரை எப்படி மாற்றினாலும் பொருள் ஒன்றே.

கைப்பை விஷயத்தில் இந்த மோசடி ஏன் பெருகுகிறது என்றால், அங்கே விலை தோலுக்கல்ல, பெயருக்கு. பிரான்ஸ் நாட்டு ஹெர்மெஸ் கம்பெனி 1985-ல் ஜேன் பர்கின் என்ற நடிகைக்காகச் செய்து கொடுத்த முதல் பை, 2025 ஜூலை 10-ந் தேதி பாரிசில் ஸோத்பீஸ் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 86 லட்சம் யூரோவுக்கு விலை போயிற்று. அந்தப் பணத்தைக் கொண்டு எத்தனை மதரஸாக்களை நடத்தலாம், எத்தனை ஏழைக் குமர்களைக் கரையேற்றலாம் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. அந்த வீண்விரயத்தை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆயினும் அதில் ஒரு பாடமுண்டு. அந்தப் பை பழையது, கீறல் விழுந்தது, ஒட்டுச் சீட்டுகள் ஒட்டிய தடம் உள்ளது. அவற்றையெல்லாம் மறைக்காமல் உள்ளபடி சொல்லித்தான் ஏலம் விட்டார்கள். உண்மையைச் சொன்னால் பொருள் விலை போகாது என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

நம் நாட்டிலும் முத்திரைக்கு மதிப்புள்ள பைகள் உண்டாகின்றன. 1978-ல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் உலகறிந்தது. ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையை நிறுவிய டைட்டன் கம்பெனியும் 2022-ல் 'இர்த்' என்ற பெயரில் பெண்களுக்கான கைப்பைகளை வெளியிட்டது. அத்தகைய ஒரு பெயரின் பின்னால் எத்தனையோ தொழிலாளிகளின் உழைப்பு நிற்கிறது. அவர்களில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கலாம். அந்தப் பெயரைத் திருடிப் போலிப் பையில் ஒட்டுவது அவர்களின் உழைப்பைத் திருடுவதாகும். வாங்குபவரை ஏமாற்றுவது அதற்கு மேல் இன்னொரு பாவம்.

பொய் முத்திரையிட்ட பொருளை விற்றால் என்ன ஹுக்மு? விலை பேசும்போது ஒரு பெயரைச் சொல்லி, கையில் இருப்பது வேறு இனமாக இருந்தால் அந்த விற்பனையே செல்லாது என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மாணிக்கம் என்று சொல்லி விற்றது கண்ணாடிக் கல்லாக இருந்தால் எப்படியோ அப்படி. இனம் ஒன்றாகவே இருந்து, சொன்ன தன்மை மட்டும் இல்லாதிருந்தால், வாங்கியவருக்கு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையுண்டு. இந்த அடிப்படையில் பார்த்தால், தோல் என்று விற்ற பை ரெக்சினாக இருந்தால் அது மாணிக்கமும் கண்ணாடியும் போன்றது. தோல்தான், ஆனால் சொன்ன கம்பெனியுடையதல்ல என்றால் அது தன்மையில் குறைவு. அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

நாட்டுச் சட்டமும் இதில் மென்மையாக இல்லை. பொய் முத்திரையிட்ட பொருளை விற்பதற்கு வணிக முத்திரைச் சட்டத்தின் 104-ம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பெங்களூரிலிருந்து மூட்டையாக வாங்கி வந்து விடுதிப் பெண்களிடம் தவணைக்கு விற்கும் தம்பிமார்கள், இதை விளையாட்டாக எண்ண வேண்டாம்.

'காப்பி என்று சொல்லித்தானே விற்கிறேன், பொய் சொல்லவில்லையே?' என்று ஒரு கேள்வி வரும். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கள்ள நாணயத்தைப் பற்றி விளக்கியிருப்பது இதற்கு நல்ல விடையாகும். கள்ளக் காசைச் செலாவணியில் விட்டவனின் பாவம் அவனோடு முடிவதில்லை, அது கைமாறிக் கைமாறி ஒவ்வொருவரையும் ஏமாற்றும்வரை, அவன் செத்த பின்னும் கூட, அவன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள். அத்தகைய காசு கையில் வந்தால் கிணற்றில் எறிந்து விட வேண்டும் என்றும், வாங்குபவரிடம் சொல்லிக் கொடுத்தாலும் அவர் அதைப் பிறரிடம் மாற்றக்கூடியவராக இருந்தால் பாவம் நீங்காது என்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள்.

போலி முத்திரையும் கள்ள நாணயத்தின் உடன்பிறப்பே. நீங்கள் உண்மையைச் சொல்லி 500 ரூபாய்க்கு விற்றதை, வாங்கியவர் அசல் என்று சொல்லி 15,000-க்கு இன்னொரு சகோதரியின் தலையில் கட்டினால்? எனவே, அன்பளிப்பாக வந்த பை போலி என்று தெரிந்தால் அதன் முத்திரையை அகற்றி விடுங்கள். பிறகு சாதாரணப் பையாக நீங்களே பயன்படுத்தலாம். சாதாரணப் பையின் விலைக்கு, சாதாரணப் பை என்று சொல்லி விற்கவும் செய்யலாம். முத்திரையை அகற்ற முடியாதபடி பையெங்கும் அச்சிட்டிருந்தால் விற்பனையை நினைக்க வேண்டாம்.

அசலா போலியா என்றே தெரியாவிட்டால்? தெரியாது என்பதையே சொல்ல வேண்டும். பில், பெட்டி, அடையாள அட்டை இருப்பது ஓர் ஆதாரமே தவிர முடிவான சாட்சியல்ல. பையைப் போலியாகச் செய்பவர்கள் அட்டையையும் போலியாகச் செய்கிறார்கள். லூயி வுய்த்தோன் போன்ற கம்பெனிகள் 2021 முதல் பைக்குள் மின்னணுச் சில்லு வைக்கத் தொடங்கியதற்கும் இதுவே காரணம். உங்களுக்கு உறுதியாகத் தெரியாததை உறுதி என்று சொல்வது பொய்ச் சாட்சிக்கு ஒப்பானது.

படம் பார்த்து வாங்குவது

இப்போது கைபேசியில் படம் அனுப்பி விலை பேசி முடிக்கிறார்கள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கியவருக்கு, பார்த்தவுடன் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஹனஃபி மத்ஹபு தருகிறது. பொருளில் குறை ஏதும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, பார்க்காத பொருளின் விற்பனையே செல்லாது. இரு மத்ஹபினருக்கும் பேணுதலான வழி ஒன்றுதான். படத்தை அறிமுகத்துக்கு மட்டும் வைத்துக் கொண்டு, பையைக் கையில் எடுத்து உள்ளும் புறமும் பார்த்த பின்னரே பேரத்தை முடிக்க வேண்டும்.

சொல்லப்படாத ஐபு பின்னர் தெரிய வந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்த உடனே திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவ்வளவு அவசரமில்லை. ஆயினும் குறையைத் தெரிந்து கொண்டே அதை மாட்டிக் கொண்டு ஒரு கலியாணத்துக்குப் போய் வந்து விட்டால், அது சம்மதத்தின் அடையாளம். பிறகு திருப்பித் தர முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பலகையில் எழுதி விடுவதால், தெரிந்தே மறைத்தவரின் பாவம் எழுத்தோடு அழிந்து விடாது.

விலையும் லாபமும்

லாபத்துக்கு ஷரீஅத் ஓர் அளவு குறிக்கவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கி வர ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர்கள் அதில் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து சேர்த்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். ஆகவே, மலிவாக வாங்கியதை நல்ல விலைக்கு விற்பது குற்றமன்று.

குற்றமாவது வேறு. வாங்கும் எண்ணமில்லாத தோழியை விலை ஏற்றிக் கேட்கச் சொல்லி, வாங்க வந்தவரை உசுப்பி விடுவது நஜ்ஷு என்ற விலக்கப்பட்ட செயல். 'ஏற்கனவே 12,000-க்குக் கேட்டுப் போனார்கள்' என்று நடக்காததைச் சொல்வதும் பொய்யே.

வாங்குபவருக்கும் அறம் உண்டு. கிராமத்திலிருந்து சரக்குக் கொண்டு வருபவர்கள் கடைத்தெரு விலையைத் தெரிந்து கொள்ளுமுன் வழியிலேயே மடக்கி வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பீரோவில் கிடக்கும் பையின் மதிப்பை அறியாத ஒரு விதவைத் தாயிடம் பழைய சாமான் விலைக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கிச் சென்று, நகரத்தில் 30,000-க்கு விற்பது சாமர்த்தியமாகத் தோன்றலாம். ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் வழி வேறாக இருந்தது. அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு வாங்கப்பட்டபோது, அதன் மதிப்பு கூடுதல் என்று விற்றவரிடம் தாமே சொல்லி, ஏற்றி ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருந்தார்கள், அதனால்!

எழுதிக் கொள்வது

அத்தாஃ இப்னு காலித் (ரலி) அவர்களிடம், நாயகம் (ஸல்) அவர்களுக்கும் தமக்கும் இடையே நடந்த ஒரு விற்பனையின் பத்திரம் இருந்தது. அதில் நோயில்லை, மோசடியில்லை என்ற விவரம் எழுதப்பட்டிருந்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இந்த ஸுன்னத்தைப் பின்பற்றி, நாமும் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். உதாரணமாக:

'இது நான் 2 ஆண்டு பயன்படுத்திய பழைய தோல் பை. அன்பளிப்பாக வந்தது, பில் இல்லை. கம்பெனியின் அசல் என்று நம்புகிறேன், உறுதி கூற முடியாது. உள்துணி ஒரு விரற்கடை கிழிந்துள்ளது. ஜிப் ஒரு முறை மாற்றப்பட்டது. கிரயம் 6,000 ரூபாய். இதில் சொல்லாத குறை 7 நாளில் தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்.'

2024 மே மாதம் டில்லி உயர்நீதி மன்றம், பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்குகளைப் புதுப்பித்து விற்றது தொடர்பான வழக்கில் விற்பனையை அடியோடு தடுக்கவில்லை. இது பழையது, புதுப்பிக்கப்பட்டது, தயாரித்த கம்பெனியின் கேரண்டி இதற்கில்லை என்பதை உறையின் மீதே தெளிவாக எழுதி விற்க வேண்டும் என்றது. இன்று நீதிமன்றம் சொல்வதை மதீனாவின் கடைத்தெருவில் 14 நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லி விட்டார்கள்.

சில மஸ்அலாக்கள்

கேள்வி: நான் அசல் என்று நம்பி விற்ற பை போலி என்று இப்போது தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: வாங்கியவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் விரும்பினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பையைப் பெற்றுக் கொள்ள வேண்டும். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை. அறிந்த பின் மறைப்பதே குற்றம். அவரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவர் பேரால் அத்தொகையைத் தர்மம் செய்து விடட்டும்.

கேள்வி: மற்றவர்களின் பையை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். கமிஷன் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும். '5,000 எனக்குக் கொடு, மேலே கிடைப்பது உனக்கு' என்று கூலியை முடிவு செய்யாமல் விடுவதை நம் இமாம்கள் ஏற்கவில்லை. உடையவர் சொல்ல மறந்த ஐபு தரகருக்குத் தெரிந்தால் தரகர் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: இத்தகைய பைகளுக்கு ஜகாத் உண்டா?

பதில்: சொந்த உபயோகத்துக்கான பைக்கு, அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஜகாத் இல்லை. பின்னால் விற்க நினைத்ததால் மட்டும் அது வியாபாரச் சரக்காகி விடாது. விற்பதற்கென்றே வாங்கி வைத்தவை வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைவில் அவற்றின் அன்றைய மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, நிஸாபை அடைந்தால் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும்.

20,000-மா, 2,000-மா?

தாய்மார்களே! சகோதரிகளே! தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்குகிறது. வாங்க வந்தவள் பையின் மீது ஆசைப்பட்டு விட்டாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் 20,000 உங்கள் கையில். இந்த இடத்தில்தான் ஈமான் சோதிக்கப்படுகிறது.

அவளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவளும் தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்த்து, மாதா மாதம் சேர்த்த பணத்தைத்தான் கொண்டு வந்திருக்கிறாள். நாளை அவளுடைய தோழி ஒருத்தி, 'இது டூப்ளிகேட்டடி!' என்று சிரிக்கும்போது அவள் முகம் என்னவாகும்? அவள் எந்த மதத்தவளாக இருந்தாலும் சரி, அவளை ஏமாற்ற நமக்கு அனுமதியில்லை.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை விளக்கிக் கொண்டால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் துடைக்கப்படும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பரக்கத் நோட்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. ஹலாலான 2,000 ரூபாய் ஒரு வீட்டில் நிம்மதியாகச் செலவாவதையும், மோசடியால் வந்த 20,000 நோய்க்கும் சண்டைக்கும் போய் மறைவதையும் நாம் காணாமலா இருக்கிறோம்? மீதிக்குக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்றால், கடன் கேட்கலாம், ஜமாஅத்தாரிடம் சொல்லலாம், தவணை கேட்கலாம். இவையெல்லாம் கஷ்டம்தான். ஆயினும் கஷ்டத்துக்கு மறுமையில் கணக்கில்லை. மோசடிக்கு உண்டு.

ஆகவே, பையை எடுத்து அவளிடம் நீட்டும்போது கிழிந்த பக்கத்தை மேலே வைத்து நீட்டுங்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். அதன் பிறகு அவள் மனமொப்பித் தருவது 2,000 ஆனாலும் 200 ஆனாலும் அது தூய்மையான உங்கள் பணம்.

நம் கொடுக்கல் வாங்கலைச் சீராக்கி, நம் வீடுகளில் ஹலாலான உணவை நிறைத்து, நாவில் உண்மையை நிலைக்கச் செய்ய வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.